பள்ளி அங்கே, பிள்ளைகள் இங்கே

முதலில் ஒரு வகுத்தல் கணக்கு. நாட்டில் தமிழ்ப்பள்ளிகள் 528. அவற்றில் படிக்கும் மாணவர்கள் அண்மைய ஆண்டுகளில் ஏறக்குறைய 80,000 பேர். வகுத்துப் பார்த்தால் பள்ளிக்கு 150 பேர்தான் வருகிறது. கல்வி அமைச்சின் கணக்கில் 150 என்பது சாதாரண எண் அல்ல. அதற்குக் கீழே போனால் 'குறைந்த மாணவர் பள்ளி' என்று முத்திரை விழுந்துவிடும். ஆக, நம்முடைய சராசரிப் பள்ளியே அந்தக் கோட்டில் காலை வைத்துக்கொண்டு நிற்கிறது. கிள்ளானிலும் ஷா ஆலாமிலும் உள்ள பெரிய பள்ளிகள் இந்தச் சராசரியைத் தூக்கிப் பிடிக்கின்றன என்றால், ரவாங்கைத் தாண்டி வடக்கே வந்தால் நிலைமை எப்படி இருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

செரெண்டா, பத்தாங்காலி, ராசா, கோலகுபு பாரு, கெர்லிங், களும்பாங். ரயில் பாதையை ஒட்டிய இந்தச் சிறு பட்டணங்களுக்குப் பின்னால்தான் தோட்டங்கள் இருந்தன. மேற்கே போனால் பழைய பத்தாங் பெர்ஜுந்தை, அதாவது இன்றைய பெஸ்தாரி ஜெயா. அதற்கும் அப்பால் கோல சிலாங்கூர். இந்த வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகைகளைக் கவனித்தால் பலவற்றில் 'லாடாங்' என்ற சொல் இருக்கும். பலகையில் தோட்டம் இருக்கிறது. லயங்களில் ஆள் இல்லை.

ஏன் இப்படி ஆனது என்பது பழைய கதை. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்படி, பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும். நிர்வாகங்களும் நடத்தின. சில இடங்களில் நல்ல கட்டடம், பல இடங்களில் ஒற்றைக் கொட்டகையும் கிராணியே வாத்தியாருமாக. தோட்டத்துக்கு ஒரு பள்ளி என்று விதைத்துக்கொண்டே போனதில், 1957இல் நாடு சுதந்திரம் அடைந்தபோது 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. பின்னர் தோட்டத் துண்டாடல் வந்தது, பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, அடுத்து வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. ஜனங்கள் புக்கிட் செந்தோசாவுக்கும் புக்கிட் பெருந்தோங்குக்கும் ரவாங்குக்கும், இன்னும் தெற்கே கோலாலம்பூருக்கும் நகர்ந்தார்கள். இன்று செம்பனைக் குலை வெட்டுபவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். அவர்களின் பிள்ளைகள் நம் பள்ளிக்கு வரப்போவதில்லை.

இந்தப் பகுதியின் ஐந்து தோட்டங்களை நினைத்துப் பாருங்கள்: மேரி, நைகல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மிஞ்ஞாக். இந்தத் தோட்டங்களின் 245 குடும்பங்கள் சொந்த வீடு கேட்டு நடத்திய போராட்டம் ஒரு தலைமுறைக் காலம் நீண்டது. 2024இல் கோலகுபு பாரு இடைத்தேர்தல் நடந்தபோதும் அது மேடைப் பேச்சாக இருந்தது. நாம் அதை வீட்டுப் பிரச்சினையாக மட்டும் பார்த்துப் பழகிவிட்டோம். பள்ளிக்கும் அதுதான் பிரச்சினை. இருபது ஆண்டுகள் ஒரு குடும்பம் எங்கே வீடு என்று தெரியாமல் காத்திருந்தால், பிள்ளை அதற்குள் எங்கோ ஒரு பள்ளியில் படித்து முடித்துவிடும். அதே தோட்டத்தில் உரிய காலத்தில் வீடுகள் எழும்பியிருந்தால் பக்கத்துப் பள்ளிக்கு முதலாம் ஆண்டு வகுப்பு நிறைந்திருக்கும்.

பிறப்பு விகிதத்தையும் மறைக்க முடியாது. 2022ஆம் ஆண்டுப் புள்ளிவிவரப்படி மலேசிய இந்தியப் பெண் ஒருவருக்குச் சராசரியாக 1.1 குழந்தைதான். மக்கள்தொகை குறையாமல் இருக்க 2.1 வேண்டும். 2009 வாக்கில் 1 லட்சத்து 9 ஆயிரத்தைத் தொட்டிருந்த தமிழ்ப்பள்ளி மாணவர் எண்ணிக்கை இன்று 80,000 அளவுக்கு இறங்கியதற்குப் பெற்றோரை மட்டும் ஏசிப் பயனில்லை. பிள்ளையைத் தேசியப் பள்ளிக்கு அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள், சரி. ஆனால் பிறக்காத பிள்ளையை எந்தப் பிரசாரத்தாலும் பள்ளியில் சேர்க்க முடியாது.

இனிப் பணத்துக்கு வருவோம். ஆசிரியர் சம்பளத்தை அரசாங்கம் கொடுக்கிறது. அதில் முழு உதவி, பகுதி உதவி என்ற வேறுபாடு இல்லை. வேறுபாடு தொடங்குவது மண்ணில். பள்ளி நிற்கும் நிலம் அரசாங்கத்துடையது என்றால் அது முழு உதவி பெறும் பள்ளி. கட்டடம், கூரை, கழிவறை எல்லாம் அமைச்சின் பொறுப்பு. நிலம் தோட்ட நிறுவனத்தின் பெயரிலோ வேறு தனியார் பெயரிலோ இருந்தால் அது பகுதி உதவி பெறும் பள்ளி. தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பான்மை இந்த இரண்டாவது வகைதான். அங்கே கூரை ஒழுகினால் பள்ளி வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் மனு எழுத வேண்டும், விருந்து நடத்திப் பணம் திரட்ட வேண்டும், அல்லது யாராவது அரசியல்வாதி வரும்வரை காத்திருக்க வேண்டும்.

அரசியல்வாதி எப்போது வருவார் என்பதும் நமக்குத் தெரியும். 2010 ஏப்ரலில் உலு சிலாங்கூர் நாடாளுமன்ற இடைத்தேர்தலின்போது அன்றைய பிரதமர், ராசாவில் உள்ள சீனப்பள்ளிக்கு 30 லட்சம் ரிங்கிட் தருவதாக அறிவித்தார். நிபந்தனை, தம் கூட்டணி வேட்பாளர் வெல்ல வேண்டும். வேட்பாளர் வென்றார். சீனப்பள்ளியோ தமிழ்ப்பள்ளியோ, ஒரு பள்ளியின் கட்டட நிதி வாக்குப் பெட்டியின் எண்ணிக்கையில் தொங்குவது வெட்கக்கேடு. அதைவிட வேதனை, இடைத்தேர்தல் நடக்காத தொகுதிப் பள்ளிக்கு அந்த வாய்ப்பும் இல்லை என்பது.

முறையாக வரும் பணம் ஒன்று உண்டு: தலைக்கு இவ்வளவு என்று பாட வாரியாக அமைச்சு தரும் மானியம். இங்கேதான் சிறு பள்ளியின் கழுத்து இறுகுகிறது. 700 பேர் படிக்கும் பள்ளிக்கும் 36 பேர் படிக்கும் பள்ளிக்கும் நகல் இயந்திரம் ஒன்றுதான். புல் வெட்ட வேண்டிய திடல் சிறு பள்ளியில் பெரிதாகக்கூட இருக்கும். அறிக்கைகள், படிவங்கள், கூட்டங்கள் இரண்டுக்கும் ஒரே அளவு. மானியம் மட்டும் தலைக்கணக்கு. பத்துப் பிள்ளைகள் குறைந்தால் பத்துப் பேருடைய பணம் போய்விடும், ஆனால் செலவு பத்துப் பேர் அளவுக்குக் குறையாது. சிலாங்கூர் மாநில அரசு 2008க்குப் பிறகு தமிழ்ப்பள்ளிகளுக்கென ஆண்டுதோறும் நிதி ஒதுக்கி வருவதும், மாணவர்களின் பேருந்துக் கட்டணத்துக்கு உதவுவதும் உண்மையிலேயே கைகொடுக்கிற காரியங்கள். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் முக்கியம். புதிய மண்டபத்துக்குத் திறப்பு விழா உண்டு. பேருந்துக் கட்டணத்துக்கு ரிப்பன் வெட்ட முடியாது. ஆனால் தாமானில் இருக்கும் பிள்ளையைத் தோட்டத்துப் பள்ளிக்குக் கொண்டுவந்து சேர்ப்பது அந்தப் பேருந்துதான்.

படிப்பு எப்படி என்று கேட்பீர்கள். யு.பி.எஸ்.ஆர். இருந்த காலத்தில் பதில் சுலபம். முடிவு வந்த மறுநாள் நாளிதழ்களில் 7ஏ, பின்னாளில் 8ஏ பெற்றவர்களின் படங்கள் வரும். அந்தத் தேர்வு கடைசியாக நடந்தது 2019இல். 2020இல் கோவிட் காரணமாக ரத்தானது, 2021இல் ஒரேயடியாக நீக்கப்பட்டது. அது போனதில் சிறு பள்ளிகளுக்கு ஓர் அநியாயமும் போனது என்று சொல்வேன். ஆறாம் ஆண்டில் நான்கே பேர் இருக்கும் பள்ளியில் ஒரு பிள்ளை தவறினால் தேர்ச்சி 75 விழுக்காடு, இருவர் தவறினால் 50. அடுத்த ஆண்டு நால்வரும் தேறினால் 100. ஆசிரியரும் அவரே, பள்ளியும் அதே. 120 பேர் எழுதும் பள்ளியோடு இந்த விழுக்காட்டை ஒரே பட்டியலில் போட்டு 'பின்தங்கிய பள்ளி' என்று பேசினோம்.

ஆனால் அளவுகோல் போனதும் கேள்வி கேட்கும் பழக்கமும் போய்விட்டது. இப்போது கையில் இருப்பது வகுப்புசார் மதிப்பீடு. 1 முதல் 6 வரை அடைவுநிலை போட்டுத் தருகிறார்கள். 4ஆம் ஆண்டிலிருந்து ஆண்டிறுதி மதிப்பீடும் உண்டு. அறிக்கை வீட்டுக்கு வருகிறது, அப்பா கையெழுத்துப் போடுகிறார், திருப்பி அனுப்புகிறார். அதில் மலாய்மொழி வரியை மட்டுமாவது நிறுத்திப் படியுங்கள். பிள்ளை அடுத்துப் போகும் இடைநிலைப்பள்ளியில், அறிவியலும் வரலாறும் மலாயில்தான். மலாய்மொழியில் குறைந்தபட்ச அடைவைத் தொடாத பிள்ளை படிவம் 1க்குப் போகாமல் புகுமுக வகுப்பில் ஓராண்டு உட்கார வேண்டியிருக்கும். உடன் படித்தவன் முதலாம் படிவத்தில், இவன் புகுமுக வகுப்பில். பதின்மூன்று வயதில் அது சிறிய அடி அல்ல. பள்ளியைவிட்டு நிற்கும் எண்ணம் பலருக்கு முளைப்பது அந்த வயதில்தான்.

சிறு பள்ளி என்றாலே படிப்பு மட்டம் என்று நினைப்பவர்களோடு நான் ஒத்துப்போகவில்லை. எட்டுப் பேர் உள்ள வகுப்பில் வாசிக்கத் தெரியாத பிள்ளை ஒளிந்துகொள்ள இடமில்லை. ஆசிரியர் நல்லவராக அமைந்தால் அது தனிவகுப்புக்குச் சமம். ஆனால் மொத்த எண்ணிக்கை முப்பதுக்கும் கீழே போகும்போது கதை மாறுகிறது. இரண்டு ஆண்டு மாணவர்களை ஒரே அறையில் வைத்து ஒரே ஆசிரியர் நடத்தும் இணைந்த வகுப்பு வந்துவிடும். ஒரு பக்கம் மூன்றாம் ஆண்டுக் கணிதம், மறுபக்கம் நான்காம் ஆண்டுக் கணிதம். அதற்கென்று பயிற்சி பெற்ற ஆசிரியர் வேண்டும். பந்து விளையாட ஒரு குழு சேராது, மேடை நாடகத்துக்கு ஆள் போதாது. சக வயதுத் தோழன் ஒருவன்கூட இல்லாமல் ஆறு ஆண்டுகள் படிப்பதும் ஒரு குறைதான்.

'ஒரு தமிழ்ப்பள்ளியையும் மூட விடமாட்டோம்' என்று மேடைதோறும் முழங்குகிறார்கள். கைதட்டுகிறோம். யாரும் மூடச் சொல்லவில்லை, நகர்த்தத்தான் சொல்கிறோம். 2008இல் 523 ஆக இருந்த பள்ளிகள் இத்தனை ஆண்டுகளில் 528 ஆகியிருக்கின்றன, அவ்வளவுதான். புதிய தமிழ்ப்பள்ளிக்கு அனுமதி கிடைப்பது அவ்வளவு அரிது. அதனால் ஆளில்லாத தோட்டத்தில் இருக்கும் ஒவ்வோர் உரிமமும் தங்கம். அதைத் தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த தாமானுக்குக் கொண்டுவர முடியும். மிட்லண்ட்ஸ் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி இன்று ஷா ஆலாம் 7ஆம் பிரிவில் நிற்கிறது. பெயரில் தோட்டம் அப்படியே இருக்கிறது, வகுப்பறைகளில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

தடையாக இருப்பது மறுபடியும் மண்தான். புதிய இடத்தில் நிலம் வேண்டும். அதைத் தரவேண்டியது மாநில அரசு, அல்லது வீடமைப்பு நிறுவனம். உரிமத்தை மாற்ற அனுமதிப்பது மத்திய கல்வி அமைச்சு. பழைய நிலத்தைத் தோட்ட நிறுவனம் திரும்ப எடுத்துக்கொள்ளும். இந்த மூன்று தரப்பையும் ஒரே மேசையில் உட்கார வைக்கும் வேலையை, பெரும்பாலும் சம்பளம் வாங்காத பள்ளி வாரியத் தலைவர் ஒருவர் செய்துகொண்டிருப்பார், தம் காசில் பெட்ரோல் ஊற்றிக்கொண்டு. உலு சிலாங்கூரில் புதிய வீடமைப்புத் திட்டங்களுக்கு வரைபடம் போடும்போதே பள்ளி நிலம் கேட்டிருக்க வேண்டும். வீடு கட்டி முடிந்து, சாவி கொடுத்த பிறகு கேட்டால் மிஞ்சியிருப்பது சாக்கடைக் கரைதான்.

உங்கள் பிள்ளைக்கு இப்போது ஐந்து வயது என்றால், முதலாம் ஆண்டுப் பதிவு அதிகத் தூரத்தில் இல்லை. ஓராண்டுக்கு முன்பே இணையத்தில் பதிய வேண்டும். பக்கத்தில் உள்ள தமிழ்ப்பள்ளிக்கு ஒருமுறை நேரில் போய்த் தலைமையாசிரியரிடம் பேசிப் பாருங்கள். பள்ளி யார் நிலத்தில் நிற்கிறது? இணைந்த வகுப்பு உண்டா? சென்ற ஆண்டு ஆறாம் ஆண்டு முடித்தவர்களில் எத்தனை பேர் புகுமுக வகுப்புக்குப் போனார்கள்? பேருந்து உங்கள் தாமானுக்குள் வருமா, முச்சந்தியோடு திரும்பிவிடுமா? நல்ல தலைமையாசிரியர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்வார். ஏற்கெனவே பிள்ளை அங்கே படிக்கிறது என்றால், இதே கேள்விகளைப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் கேளுங்கள். கணக்கறிக்கை வாசிக்கப்படுவது அங்கேதான். அந்த நேரத்தில் பெரும்பாலோர் வெளியே தேநீர் குடித்துக்கொண்டிருப்பார்கள்.