கொதிகலன் அருகில் நின்றவர் பாடம் சொல்லட்டும்

1902-ஆம் ஆண்டில் சிவனசமுத்திரத்தில் காவிரி நீர் சுழற்றிய இயந்திரங்கள் மின்சாரம் தந்தன. சுமார் 150 கிலோமீட்டர் கம்பி வழியே அது போய்ச் சேர்ந்த இடம் கோலார் தங்கவயல். பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்ததோ 1905-இல்தான். தங்கவயல் சுரங்கங்களில் இறங்கி உழைத்தவர்களில் பெரும் பகுதியினர் தமிழர்கள். 2001-இல் சுரங்கம் மூடப்பட்டது. இயந்திரங்கள் அரைத்துக் கொட்டிய கழிவு மண் மட்டும் சயனைடு குன்றுகளாக இன்றும் நிற்கிறது. காற்றடித்தால் அந்தத் தூசி குடியிருப்புகளுக்குள் வருகிறது. தங்கம் போய்விட்டது, தூசி தங்கிவிட்டது.

மின்சாரத்தின் வரவை மட்டும் படித்து, செலவைப் படிக்காமல் விட்டால் நேருவது இதுதான்.

பள்ளிகளில் சுற்றுச்சூழல் பாடம் நடத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991-இலேயே உத்தரவிட்டது. பாடமும் வந்தது. ஆனால் மரம் நடுவோம், மாசு தவிர்ப்போம் என்று எழுதி மதிப்பெண் வாங்குவதோடு அது பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. வீட்டில் எரியும் விளக்குக்கும் ராய்ச்சூர் அனல் மின் நிலையத்துக்குச் செல்லும் நிலக்கரி வாகன்களுக்கும் உள்ள உறவை யார் விளக்குவது?

அந்தத் தொழிலிலேயே இருப்பவர்கள்தான் விளக்க வேண்டும். கொதிகலன் அருகில் இருபது வருடம் நின்ற பொறியாளரோ, கம்பத்தில் ஏறிய லைன்மேனோ மாதம் ஒரு நாள் வகுப்புக்கு வரட்டும். அனல் மின் நிலையத்தில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய முக்கால் கிலோ நிலக்கரி எரிகிறது. இந்திய நிலக்கரியில் நூற்றுக்கு 30 முதல் 45 பங்கு வரை சாம்பல். 60 வாட் குண்டு பல்பு ஏறக்குறைய பதினேழு மணி நேரத்தில் ஒரு யூனிட்டை விழுங்கிவிடும்; 9 வாட் எல்.இ.டி. பல்புக்கு அதே யூனிட் 110 மணி நேரம் வரும். இந்தக் கணக்கை அவர் வாயால் கேட்ட பிள்ளை, வீட்டுக்குப் போனதும் வீணாக எரியும் விளக்கை அணைக்கும்.

சம்பளம் தரும் நிறுவனத்தின் குறையை அவர் சொல்வாரா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். புகைபோக்கியின் உயரத்தைச் சொல்லிவிட்டுச் சாம்பல் குளத்தை மறைத்தால் அது பாடமல்ல, விளம்பரம். ஆகவே, பிள்ளைகள் எதையும் கேட்கலாம், அவர் மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையுடன்தான் அழைக்க வேண்டும்.

சூரிய மின்சாரத்துக்கும் இந்த விதி பொருந்தும். துமகூரு மாவட்டம் பாவகடாவில் சுமார் 13,000 ஏக்கரில் 2,050 மெகாவாட் சூரியப் பூங்கா இருக்கிறது. புகையில்லை, சாம்பலில்லை. நிலம் கொடுத்த விவசாயிக்குக் குத்தகைப் பணமும் வருகிறது. ஆனால் அந்த நிலத்தில் கூலிக்குக் களை பறித்தவருக்கு என்ன வருகிறது? அதையும் வகுப்பில் பேச வேண்டும்.

இதற்குப் புதிய கட்டிடமோ பெரும் செலவோ தேவையில்லை. ஒரு கரும்பலகையும், உண்மை பேசும் ஓர் அனுபவசாலியும் போதும். தமிழ்ச் சங்கங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் இதைத் தொடங்கலாம். அடுத்த தலைமுறையாவது விளக்கின் வெளிச்சத்தோடு அதன் விலையையும் அறிந்து வளர வேண்டும். சம்பந்தப்பட்டவர்கள் கவனிப்பார்களா?