யாருக்கு விசுவாசம்?

நாவலுக்குச் சினிமா விசுவாசமாக இருக்க வேண்டுமாம். விசுவாசம்! பண்ணையாளிடம் ஆண்டை கேட்ட சொல் இது. அதைக் கேட்டாலே நமக்குச் சந்தேகம் வரணும். யாருக்கு விசுவாசம்? எதுக்கு விசுவாசம்?

'மாயாஜாலக் கதைதானே, எப்படி எடுத்தால் என்ன?' என்கிறது ஒரு கூட்டம். 'செவ்வியல் நாவலில் ஒரு கமாவைக்கூடத் தொடக்கூடாது' என்கிறது இன்னொரு கூட்டம். மாற்றுகிற அதிகாரம் யார் கையில் இருக்கிறது, மாற்றத்தில் காணாமல் போவது யார் என்பதை இரண்டு கூட்டமும் பேசுவதில்லை.

1968இல் அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவினின் 'எ விசர்ட் ஆஃப் எர்த்சீ' வெளிவந்தது. நாயகன் கெட் செம்பழுப்புத் தோல்காரன். ஆடு மேய்த்த சிறுவன், பெரும் மந்திரவாதியாக வளர்கிறான். அவனுடைய உயிர்த்தோழன் வெட்ச் நல்ல கறுப்பு. படையெடுத்து வந்து ஊரைக் கொளுத்துகிற கார்க் நாட்டவர்தான் வெள்ளையர். மந்திரவாதி என்றால் வெள்ளைத் தாடி, வெள்ளைத் தோல் என்றிருந்த கற்பனையை அந்த அம்மா தலைகீழாக்கினார். அதையும் தந்திரமாகச் செய்தார். நிறத்தை எடுத்த எடுப்பில் சொல்லவில்லை. வெள்ளைக்காரப் பிள்ளை கெட்டின் தோலுக்குள் புகுந்து உட்கார்ந்த பிறகுதான் அது தன் தோல் இல்லையென்று தெரியும்.

2004 டிசம்பரில் அமெரிக்காவின் சை-ஃபை தொலைக்காட்சி இதைப் படமாக்கி ஒளிபரப்பியது. கெட் வெள்ளைக்காரன். வெட்சும் வெள்ளைக்காரன். குரு ஓகியனாக மட்டும் கறுப்பு நடிகர் டானி க்ளோவர். கற்றுக்கொடுக்கிற வேலை கறுப்பருக்கு, நாயகனாகிற வேலை வெள்ளையருக்கு! ஒப்பந்தத்தில் லெ குவினுக்கு 'ஆலோசகர்' என்று பெயர். ஆலோசனையைத்தான் யாரும் கேட்கவில்லை. அவர் வெளிப்படையாக எழுதிக் கண்டித்தார். மாயக்கதையில் தங்களைப் போன்றவர்களை முதன்முதலாக எர்த்சீயில்தான் பார்த்தோம் என்று வெள்ளையரல்லாத வாசகர்கள் தன்னிடம் சொன்னதையும் அதில் பதிவு செய்தார். அவர்களுக்குக் கிடைத்த ஒரே ஒருவனையும் படம் பிடுங்கிக்கொண்டது. இது ரசனைப் பிரச்சினையா? பச்சையான பறிமுதல்.

அப்படியானால் மூலம் புனிதமா? அதுவும் இல்லை. ரோல்ட் டாலின் 'சார்லி அண்ட் த சாக்லேட் ஃபேக்டரி' 1964இல் வந்தபோது, ஆலையின் வேலையாட்களான உம்பா லும்பாக்கள் ஆப்பிரிக்கக் காட்டுப் பிக்மிகள். ஓட்டை போட்ட பெட்டிகளில் அடைத்துக் கொண்டுவரப்படுகிறார்கள். கூலி, கொக்கோக் கொட்டை. அடிமைக் கப்பலை மிட்டாய்க் காகிதத்தில் சுற்றிக் கொடுத்திருக்கிறார். கறுப்பின மக்கள் தரப்பில் எதிர்ப்பு எழுந்தது. 1971 திரைப்படம் உம்பா லும்பாக்களுக்கு ஆரஞ்சு முகமும் பச்சை முடியும் கொடுத்தது. 1973இல் டாலே புத்தகத்தில் நிறத்தை மாற்றினார். இங்கே மூலத்தை மீறியதுதான் நியாயம். ஆனால் மீறல் பாதியில் நின்னுபோச்சு. நிறம் மாறியது, பெட்டியும் கொக்கோக் கூலியும் நாவலில் அப்படியே இருந்தன.

2022இல் 'த ரிங்ஸ் ஆஃப் பவர்' தொடரில் கறுப்பு, பழுப்பு நடிகர்கள் வந்ததும் 'டோல்கினுக்குத் துரோகம்' என்று கூச்சல். நடிகர்களை நிறத்தைச் சொல்லியே ஏசினார்கள். ஹாபிட்களில் ஹார்ஃபூட் பிரிவினர் மற்றவர்களைவிடப் பழுப்பான தோலுடையவர்கள் என்று டோல்கினே 'த லார்டு ஆஃப் த ரிங்ஸ்' முகவுரையில் எழுதியிருக்கிறார். விசுவாசம் பேசுறவன் புத்தகத்தையே படிக்கலை! மூலப்பிரதிக்கல்ல, தன் தோலுக்குத்தான் அவன் விசுவாசி.

அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளைப் பார்த்துத்தான் 1972இல் மராட்டிய மண்ணில் தலித் சிறுத்தைகள் பெயர் சூட்டிக்கொண்டார்கள். அந்த உறவின் உரிமையில் சொல்கிறோம். அரண்மனையை மாற்று, டிராகனை மாற்று, வசனத்தை மாற்று. நாவல் ஒடுக்கப்பட்டவனை நடுவில் உட்காரவைத்திருந்தால் அவனை எழுப்பாதே. பெட்டிக்குள் அடைத்திருந்தால், மூலத்தின் பேரால் அந்தப் பெட்டியைத் திரைக்குத் தூக்கி வராதே.