பல்லுக்கு க்ளிப்

என் பெண்ணுக்கு வயது 12. சிரித்தால் உடனே கை வாய்க்குப் போய்விடும். முன்பற்கள் தூக்கல். (என் பக்கத்துச் சொத்து என்பது மனைவியின் கட்சி.) எங்கள் பேட்டை க்ளிப் டாக்டர், "ஒன்றரை வருஷமாகும்" என்றார். பி.காம். புத்தி சும்மா இருக்குமா? "இறுக்கிப் போட்டு ஆறே மாசத்துல முடிச்சுடுங்களேன்!"

"பல் நகரணும்னா ஒரு பக்கம் எலும்பு கரைஞ்சு, மறுபக்கம் வளரணும் சார். அவசரப்பட்டா வேர் தேஞ்சுடும்." பி.டி.எஸ். 5, எம்.டி.எஸ். 3, ஆக 8 வருஷம் படித்தவரிடம் பேரம்!

மாதம் ஒரு சனிக்கிழமை முனிசிபல் பள்ளியில் இலவசமாகப் பல் பார்க்கிறாராம். சீட்டு எழுதும் அவர் மனைவிதான் சொன்னார். பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக் கொண்டிருந்த அவர்கள் பையன் நிமிர்ந்தான். அவனுக்கும் முன்பற்கள் தூக்கல்!

"க்ளிப் வேணாம்னு ஒரே பிடிவாதம் சார்" என்றார் டாக்டர், குரலைத் தாழ்த்தி.

என் பெண் சிரித்தாள். கை மடியிலேயே இருந்தது.