படகில் விளக்கு இருந்தால் மட்டும் போதுமா?

2012 மார்ச்சில் ஆலப்புழைக்கு வெளியே கடலில் ஒரு மீன்பிடிப் படகின் மேல் கப்பல் மோதி ஐந்து பேர் இறந்தார்கள். 2017 ஜூனில் கொச்சிக்கு வெளியே நங்கூரம் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தவர்களின் படகை ஒரு சரக்குக் கப்பல் இடித்தது. 2018 ஆகஸ்டில் முனம்பத்திலிருந்து போன படகு. அதில் இருந்தவர்களில் பெரும்பாலோர் குமரி மாவட்டத்துக்காரர்கள். 2021 ஏப்ரலில் மங்களூருக்கு வெளியே பேப்பூர் படகு. அதிலும் தமிழர்கள் இருந்தார்கள். நான்குமே நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவில் நடந்தவை.

ஒவ்வொரு முறையும் பத்திரிகைகளில் ஒரே மாதிரிதான் செய்தி வரும். கப்பலின் பெயர் என்ன, எந்த நாட்டுக் கொடி, கேப்டனைப் பிடித்தார்களா, நஷ்ட ஈடு எவ்வளவு... கேட்க வேண்டிய கேள்விகள்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அதே வரிசையில் இன்னொரு கேள்வியும் உண்டு. பொதுவாகவே நம் மீனவர்களின் படகில் இரவில் என்ன விளக்கு எரிகிறது? இந்த நான்கு விபத்துகளிலும் படகுக்காரர்கள்தான் தவறு செய்தார்கள் என்பதல்ல வாதம். இருட்டில் ஒரு சின்னப் படகு பெரிய கப்பலிடம் பேசுவதற்கு இருக்கும் எளிய மொழி விளக்குதான். அந்த மொழியை யாரும் ஒழுங்காகச் சொல்லிக் கொடுப்பதில்லை என்பதுதான் விஷயம்.

முதலில் கப்பலில் நிற்பவரின் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். மணிக்கு 15 கடல்மைல் வேகத்தில் கப்பல் வருகிறது. ஒரு கடல்மைலைத் தாண்ட அதற்கு நான்கு நிமிடம் போதும். பின்பக்கம் உயரத்தில் நின்றுகொண்டு பார்க்கும் அதிகாரிக்குக் கப்பலின் மூக்குக்கு நேர் கீழே இருக்கும் கடல் தெரியவே தெரியாது. இப்படி மறையும் தூரம் 500 மீட்டர் வரை இருக்கலாம் என்று சர்வதேச விதியே அனுமதிக்கிறது. அதாவது கடைசி ஒரு நிமிடம் படகு கண்ணிலேயே படாது. ரேடார் இருக்கிறதே என்பார்கள். மரமும் ஃபைபரும் ரேடார் அலையைச் சரியாகத் திருப்பி அனுப்புவதில்லை. அலை கொஞ்சம் உயர்ந்தால் திரையில் அலையின் புள்ளிகளோடு படகின் புள்ளியும் கலந்துவிடும். கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சம்தான் கடைசியில் கை கொடுக்க வேண்டும்.

அதற்காக எதையாவது எரியவிட்டால் போதும் என்று நினைப்பதில்தான் சிக்கலே இருக்கிறது. 1972-ல் உருவாகி 1977 முதல் நடைமுறையில் இருக்கும் கடல் மோதல் தடுப்பு விதிகள், எந்த நிற விளக்கு எந்தப் பக்கம் எந்தக் கோணத்தில் தெரிய வேண்டும் என்று அளந்து சொல்கின்றன. இடது பக்கம் சிவப்பு. வலது பக்கம் பச்சை. இரண்டும் நேர் முன்னாலிருந்து தத்தம் பக்கமாக 112.5 டிகிரிதான் தெரியலாம், அதற்கு மேல் கூடாது. இதில் ஒரு அழகான ஏற்பாடு இருக்கிறது. எதிரே சிவப்பு மட்டும் தெரிந்தால் அந்தப் படகின் இடது பக்கம் நம்மை நோக்கி இருக்கிறது. பச்சை மட்டும் என்றால் வலது பக்கம். இரண்டும் சேர்ந்து தெரிந்தால் நேராக நம் மேலேயே வருகிறது, உடனே திரும்பு என்று அர்த்தம். ஒரு வார்த்தை பேசாமல், யார் எந்த ஊர் என்று தெரியாமல், இரண்டு பேர் இருட்டில் வழிவிட்டுக்கொள்ள முடிகிறது.

12 மீட்டருக்குக் குறைவான, அதாவது 39 அடிக்கு உட்பட்ட மோட்டார் படகுகளுக்கு விதி இன்னும் எளிது. இந்தச் சிவப்பு பச்சையோடு, எல்லாத் திசையிலும் தெரிகிற ஒரு வெள்ளை விளக்கு உயரத்தில் இருந்தால் போதும். வெள்ளை இரண்டு கடல்மைலுக்கும் நிற விளக்குகள் ஒரு கடல்மைலுக்கும் தெரிய வேண்டும். அந்த 15 கடல்மைல் வேகக் கப்பலின் கணக்கில் இது எட்டு நிமிடமும் நான்கு நிமிடமும்.

வலை போட்டு மீன் பிடிக்கும் நேரத்துக்குத் தனி அடையாளம் உண்டு. இழுவலை என்றால் பச்சைக்குக் கீழே வெள்ளை. மற்ற வலைகளுக்கும் ஆயிரங்கால் தூண்டிலுக்கும் சிவப்புக்குக் கீழே வெள்ளை. இதைப் பார்த்தவுடன் சாதாரணமாக ஓடிக்கொண்டிருக்கும் எந்தக் கப்பலும் விலகிப் போகக் கடமைப்பட்டது. மீனவனுக்குச் சர்வதேசச் சட்டம் கொடுத்திருக்கும் பெரிய உரிமை இது. ஆனால் அந்த விளக்கைப் போட்டுக் காட்டாதவன் மீன் பிடிக்கிறான் என்று கப்பல்காரனுக்கு எப்படித் தெரியும்?

நங்கூரத்துக்கு வந்தால் இன்னும் சுலபம். 50 மீட்டருக்குக் குறைவான எந்தக் கலமும் நன்றாகத் தெரிகிற இடத்தில் ஒரே ஒரு வெள்ளை விளக்கு எரிய வைத்தால் போதும். ஏழு மீட்டருக்குக் குறைவான படகுக்கு விலக்கு இருக்கிறது. ஆனால் கப்பல்களும் மற்றப் படகுகளும் போகிற வழியிலோ அதன் பக்கத்திலோ நின்றால் அந்த விலக்கு செல்லாது. ஏழு மீட்டர் என்றால் 23 அடி. நம் கடற்கரையில் ஓடும் ஃபைபர் படகுகள் பல 28 அடி, 30 அடி இருக்கும்போது விலக்கைப் பற்றிப் பேசவே இடமில்லை.

இங்கே பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் உண்டு. தங்கல் போகிறவர்கள் ஆழம் அதிகமான இடத்தில் நங்கூரம் எட்டாது என்பதால் எஞ்சினை நிறுத்திவிட்டு அப்படியே மிதந்துகொண்டு தூங்குவார்கள். நின்றுகொண்டுதானே இருக்கிறோம் என்று அவர்களுக்குத் தோன்றும். சட்டத்துக்கு அது நிற்பது இல்லை. நங்கூரம் தரையைப் பிடிக்காத, கரையில் கட்டப்படாத, தரை தட்டாத எந்தக் கலமும் ஓட்டத்தில் இருப்பதுதான். ஆகவே சிவப்பு, பச்சை, வெள்ளை எல்லாம் எரிய வேண்டும், ஒருவர் விழித்திருக்கவும் வேண்டும். நாள் முழுக்க வலை இழுத்த உடம்பை விழித்திரு என்று சொல்வது லேசான காரியமில்லை. ஆனால் எல்லோரும் தூங்கிவிட்டால் விளக்கு எரிந்தும் பாதிப் பயன்தான். வருகிற கப்பலைப் பார்த்து எஞ்சினைக் கிளப்ப ஒருவராவது வேண்டாமா?

விளக்கே இல்லாத படகுகள் ஒரு பக்கம் என்றால், தேவைக்கு மேல் விளக்கு வைத்திருக்கும் படகுகள் இன்னொரு பக்கம். இப்போது கடைகளில் மலிவாகக் கிடைக்கும் கலர் கலராக மினுக்கும் எல்.இ.டி. சரங்களைக் கட்டிக்கொண்டு கோவில் திருவிழா மாதிரி போகிறவர்கள் இருக்கிறார்கள். பார்க்க அமர்க்களமாக இருக்கும். கப்பலில் இருப்பவருக்கு ஒன்றும் புரியாது! மினுக்குகிற விளக்கு என்றால் அவருக்கு முதலில் தோன்றுவது மிதவை. மிதவை நகராது என்ற நினைப்பில் அவர் கணக்குப் போடுவார். விட்டுவிட்டு எரியும் கூசுகிற விளக்குகளைத் தவிர்க்கச் சொல்லி விதியிலேயே இருக்கிறது. விசைப்படகுகளின் மேல்தட்டில் எரியும் ஃபோகஸ் லைட்டுகளும் இதே தொல்லைதான். அந்த வெளிச்சத்தில் பக்கத்துச் சிவப்பும் பச்சையும் மூழ்கிப்போகும். படகில் இருப்பவர்களுக்கும் கண் கூசி, வெளியே இருட்டில் எது வந்தாலும் தெரியாது.

"பேட்டரி தாங்காது" என்பது பழைய பதில். ஒரு காலத்தில் அது நியாயமாகவும் இருந்தது. 12 வோல்ட்டில் 25 வாட் குண்டு பல்பு ஒன்று மணிக்கு இரண்டு ஆம்பியருக்கு மேல் குடிக்கும். மூன்று பல்புகள் இரவு பன்னிரண்டு மணி நேரம் எரிந்தால் 75 ஆம்பியர்-மணி போய்விடும். காலையில் செல்ஃப் எடுக்காது. நடுக்கடலில் எஞ்சின் கிளம்பாமல் போவதைவிட விளக்கை அணைப்பது மேல் என்று ஒருவர் முடிவு செய்தால் அவரை எப்படிக் குறை சொல்வது? ஆனால் அதே வேலையை இன்று மூன்று வாட் எல்.இ.டி. செய்கிறது. மூன்றும் சேர்ந்து இரவு முழுக்க ஒன்பது ஆம்பியர்-மணி. ஒரு சின்ன சோலார் பலகை பகலில் அதை நிரப்பிவிடும். திருவிழாச் சரத்துக்குத் தாங்குகிற பேட்டரி இதற்குத் தாங்காதா என்ன?

மோட்டாரே இல்லாமல் துடுப்புப் போட்டுப் போகிறவர்களையும் விதி மறக்கவில்லை. அவர்கள் ஒரு டார்ச்சையோ அரிக்கேனையோ கைக்கு எட்டும் இடத்தில் வைத்திருந்து, மோதல் நேராதபடி போதிய நேரம் முன்னால் காட்டினால் போதும். கட்டுமரத்தில் போகிறவருக்கும் கட்டுப்படியாகிற செலவுதான். கடைசி நிமிடத்தில் காட்டினால் பிரயோஜனமில்லை என்பதை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். காரணம் அந்த 500 மீட்டர்தான்.

நஷ்ட ஈட்டு விஷயத்திலும் விளக்கு வந்து நிற்கும். கடல் மோதல் வழக்குகளில் யார் பக்கம் எவ்வளவு தவறு என்று பார்த்து இழப்பைப் பங்கு பிரிப்பது உலக வழக்கம். படகில் சரியான விளக்கு எரியவில்லை என்பது கப்பல் கம்பெனியின் வக்கீலுக்குக் கையில் கொடுத்த கரும்பு மாதிரி. செத்தவர் வந்து சாட்சி சொல்ல முடியாது. கரையில் இருக்கும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் வர வேண்டிய பணத்தில் ஒரு பகுதி ஒரு பல்பினால் போய்விடும் என்றால் அது எவ்வளவு பெரிய அநியாயம்!

இதையெல்லாம் மீனவர்கள் தலையில் மட்டும் கட்டிவிட்டு ஒதுங்குவது சரியில்லை. சிவப்பு பச்சையின் அர்த்தத்தைக் கற்றுக்கொடுக்க ஒரு சாயங்காலம் போதும், ஆனால் அந்தச் சாயங்காலத்தை யாராவது ஏற்பாடு செய்ய வேண்டும். தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். படகுகள் எல்லாம் கரையில் இருக்கும், பெயிண்ட் அடிப்பார்கள், பழுது பார்ப்பார்கள், மீன்வளத் துறை அதிகாரிகளும் படகுகளைப் பார்வையிட வருவார்கள். பதிவு எண் எழுதியிருக்கிறதா, நிறம் சரியா என்று பகலில் பார்த்துவிடலாம். விளக்கைப் பகலில் பார்த்தால் பல்பு எரிகிறது என்பது மட்டும்தான் தெரியும். பச்சை விளக்கு இடது பக்கமும் தெரிகிறதா, வெள்ளையை டிரைவர் அறைக் கூரை மறைக்கிறதா என்பதெல்லாம் இருட்டிய பிறகு கொஞ்சம் தள்ளி நின்று, படகை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தால்தான் தெரியும். 61 நாளில் ஒரு ராத்திரி, துறைமுகத்துக்கு ஒரு அதிகாரி, கூடவே எந்தக் கம்பியை எங்கே மாற்றுவது என்று தெரிந்த ஒரு எலெக்ட்ரீஷியன் இருந்தால் இதைச் செய்துவிடலாம்.