சின்னக் கம்ப்யூட்டருக்குச் சின்ன எண்ணே போதும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் சில மாதங்கள் கழித்துக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "என் கம்ப்யூட்டர் பாதி நேரம் சும்மாதான் ஓடுகிறது. அந்த நேரத்தை ஏதாவது உருப்படியான காரியத்துக்குக் கொடுக்க முடியுமா?"

முடியும். உலகம் முழுவதும் ஏராளமானவர்கள் தங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரின் ஓய்வு நேரத்தை ஆராய்ச்சிப் பணிகளுக்குத் தருகிறார்கள். அவற்றில் எனக்குப் பிடித்தது பெரிய எண்களின் காரணிகளைக் கண்டுபிடிக்கும் பணி. ஆனால் இதில் இறங்குபவர்களில் பலர் பெயர் பெற்ற, மிகப் பெரிய திட்டமாகப் பார்த்துச் சேருகிறார்கள். சில வாரங்களில் சலித்துப் போய் விட்டுவிடுகிறார்கள். செய்த வேலையும் பாதியில் நின்றுவிடுகிறது, கரண்ட் பில் மட்டும் வருகிறது. ஒரே ஒரு சாதாரண கம்ப்யூட்டர் வைத்திருப்பவர், அதால் முடிக்கக்கூடிய வேலையைத்தான் எடுக்க வேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

காரணி காண்பதில் என்ன கஷ்டம்?

எல்லாம் பள்ளியில் படித்ததுதான். 91 என்றால் 7 x 13. இரண்டு எண்களைப் பெருக்குவது சுலபம். பெருக்கி வந்த விடையை மட்டும் கொடுத்துக் காரணிகளைக் கேட்டால் கஷ்டம். 1903-ல் பிராங்க் நெல்சன் கோல் என்ற அமெரிக்கக் கணித அறிஞர், 147573952589676412927 என்ற 21 இலக்க எண்ணானது 193707721 x 761838257287 என்று காட்டினார். இதற்கு மூன்று ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள் செலவாயின என்று அவர் கூறியதாகச் சொல்வார்கள். இன்று பிரவுசரிலேயே இயங்கும் அல்பெர்ட்ரான் போன்ற கால்குலேட்டரில் இந்த எண்ணைக் கொடுத்தால் ஒரு நொடிக்குள் விடை வந்துவிடும்.

இது வெறும் பொழுதுபோக்கு அல்ல. இன்டர்நெட்டில் நாம் பயன்படுத்தும் ஆர்.எஸ்.ஏ. பூட்டு, பெரிய எண்களின் காரணிகளைக் காண முடியாது என்ற நம்பிக்கையில் நிற்கிறது. எத்தனை இலக்கம் வரை உடைக்க முடிகிறது என்று செய்து பார்த்தால்தான் பூட்டு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பது தெரியும். 2020 பிப்ரவரியில் ஆர்.எஸ்.ஏ.-250 என்ற 250 இலக்க எண் உடைக்கப்பட்டது. அந்த வேலையை ஒரே ஒரு பிராஸசர் கோர் செய்திருந்தால் சுமார் 2700 ஆண்டுகள் ஆகியிருக்கும். இன்று பரவலாக உள்ள 2048 பிட் பூட்டில் இருப்பது 617 இலக்க எண். ஆகவே வீட்டுக் கம்ப்யூட்டரால் பேங்க் பூட்டை உடைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சிறு துளி பெருவெள்ளம்தானே?

இப்படிக் கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. 1977-ல் சயின்டிபிக் அமெரிக்கன் இதழில் சவாலாக வந்த ஆர்.எஸ்.ஏ.-129 என்ற 129 இலக்க எண்ணை 1994-ல் உடைத்தவர்கள் சுமார் 600 தன்னார்வலர்கள். பயன்பட்ட இயந்திரங்கள் சுமார் 1600. துளிகள் சேர்ந்து வெள்ளமானதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த வேலையை நடத்தியவர்கள் அதைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டித் தந்தார்கள். துண்டுகளை எல்லாம் சேர்த்து முடிக்கும் கடைசிக் கட்டத்தைப் பெரிய கம்ப்யூட்டரில் செய்தார்கள். துளி வீணாகாமல் சேர ஓர் ஏரி இருந்தது. அந்த ஏரி இல்லாத இடத்தில் துளி மண்ணில் விழுந்து காய்ந்துதான் போகும். நீங்கள் தனி ஆளாக ஒரு 150 இலக்க எண்ணை எடுத்தால் நடப்பது இதுதான். சுமார் 100 இலக்கத்துக்கு மேல் ஒவ்வொரு 5 இலக்கம் கூடும்போதும் வேலை ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. 100 இலக்க எண் உங்கள் சிஸ்டத்தில் 2 மணி நேரம் எடுத்தால், 150 இலக்கத்துக்கு அதைப்போல் ஆயிரம் மடங்கு, அதாவது 2000 மணி நேரம். இரவு பகலாக 83 நாட்கள்!

சேருமுன் மூன்று கேள்விகள்

முதல் கேள்வி: ஒரு துண்டு வேலையை என் கம்ப்யூட்டர் எத்தனை நேரத்தில் முடிக்கும்? பல திட்டங்களில் ஒவ்வொரு துண்டுக்கும் கெடு தேதி உண்டு. அதற்குள் திருப்பி அனுப்பாவிட்டால் அதே வேலை வேறொருவருக்குப் போய்விடும். உங்கள் உழைப்பு வீண்.

இரண்டாவது: என்னிடம் உள்ள ராம் போதுமா? காரணி காணும் சில முறைகளுக்கு நிறைய ராம் தேவை. குறைவாக இருந்தால் ஹார்ட் டிஸ்க் ஓயாமல் ஓடும், உங்கள் மற்ற வேலைகளும் நின்றுபோகும்.

மூன்றாவது, எல்லாவற்றையும் விட முக்கியமானது: ஒன்றும் கிடைக்காவிட்டாலும் என் வேலை கணக்கில் வருமா? "இந்த அளவு வரை தேடியாயிற்று, இல்லை" என்ற தகவலும் பயனுள்ளதே. அதைப் பதிவு செய்யும் திட்டத்தில் எதுவும் வீணாவதில்லை.

என் சிபாரிசு

முதலில் இ.சி.எம். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் எலிப்டிக் கர்வ் முறை. 1980-களில் ஹென்றிக் லென்ஸ்ட்ரா கண்டுபிடித்தது. இதில் ஒவ்வொரு கர்வும் தனித்தனி முயற்சி. நடுவில் கரண்ட் போனால் அந்த ஒரு கர்வ்தான் போகும், முன்பு முடித்தவை பத்திரம். இதற்கான ஜி.எம்.பி.-இ.சி.எம். என்ற புரோகிராம் இலவசம். 35 இலக்கக் காரணியைத் தேட சுமார் 900 கர்வ்கள் ஓட்டுவது வழக்கம். அத்தனையும் ஓட்டியும் இருக்கிற காரணி சிக்காமல் போக மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலான வாய்ப்பு உண்டு. அப்போதும் அடுத்தவர் உங்கள் கணக்கைப் பார்த்து மேலே தொடரலாம். ஆனால் 1925-லேயே அட்டவணை போடத் தொடங்கிய கன்னிங்ஹாம் எண்களில் இந்த அளவில் தேடாதீர்கள். பலர் திரும்பத் திரும்பச் சலித்த இடம் அது.

இரண்டாவது, அலிகாட் தொடர்கள். ஓர் எண்ணை எடுத்து, அதைத் தவிர்த்து அதன் வகுஎண்களைக் கூட்டுங்கள். வந்த விடைக்கும் அப்படியே செய்யுங்கள். 12-ல் தொடங்கினால் 16, 15, 9, 4, 3, 1 என்று முடிந்துவிடும். 276-ல் தொடங்கினால்? 2000 படிகளுக்கு மேல் போயும் முடிவு தெரியவில்லை! ஒவ்வொரு படிக்கும் காரணிகள் தெரிந்தாக வேண்டும். 276-ஐப் பெரியவர்களுக்கு விட்டுவிடுங்கள். முடிவு தெரியாத வேறு தொடர்கள் ஏராளம். அவற்றில் 100 இலக்கத்துக்குள் நிற்பதைத் தேடி எடுங்கள். யாஃபு என்ற இலவச புரோகிராம் அந்த அளவு எண்ணை ஓர் இரவுக்குள் உடைத்துவிடும். காலையில் எழுந்ததும் விடை இருக்கும். எடுக்குமுன் வேறு யாராவது அதே தொடரைச் செய்கிறார்களா என்று கட்டாயம் பாருங்கள்.

பெரிய வேலையில்தான் பங்கு வேண்டும் என்றால் 2009-ல் தொடங்கிய என்.எப்.எஸ். அட் ஹோம் திட்டத்தைப் பாருங்கள். பாய்ங்க் என்ற புரோகிராம் வழியாக வேலையைத் துண்டு போட்டு அனுப்புகிறார்கள். கடைசிக் கட்டத்தை அவர்களே பெரிய கம்ப்யூட்டர்களில் முடிக்கிறார்கள். நான் மேலே சொன்ன ஏரி இதுதான்.

கரண்ட் பில்லையும் பாருங்கள்

இலவச சாப்ட்வேர் என்றாலும் மின்சாரம் இலவசம் அல்ல. முழு வேகத்தில் ஓடும்போது சிஸ்டம் கூடுதலாக 100 வாட் எடுத்தால், நாள் முழுக்க ஓட 2.4 யூனிட். 60 நாட்களில் 144 யூனிட். யூனிட் ஏற ஏறக் கட்டண விகிதமும் ஏறும் வீடுகளில் இது சின்னத் தொகை அல்ல. இரவில் 6 மணி நேரம் மட்டும் ஓட்டினால் 36 யூனிட்தான். லேப்டாப் வைத்திருப்பவர்கள் சூட்டைக் கவனிக்க வேண்டும். பாய்ங்க் புரோகிராமில் பிராஸசரை எத்தனை சதவீதம் பயன்படுத்தலாம், பேட்டரியில் இருக்கும்போது நிறுத்த வேண்டுமா என்பதற்கெல்லாம் செட்டிங் உண்டு. அலுவலகக் கம்ப்யூட்டரில் அனுமதி இல்லாமல் ஓட்டவே கூடாது. புரோகிராம்களை அந்தந்தத் திட்டத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் டவுன்லோட் செய்யுங்கள். பரிசுப் பணம் என்று ஆசை காட்டினால் ஏமாறாதீர்கள். ஆர்.எஸ்.ஏ. எண்களுக்கான பரிசுப் போட்டி 2007-லேயே நிறுத்தப்பட்டுவிட்டது.

பெரிய திட்டத்தின் பட்டியலில் லட்சத்தில் ஒருவராக நிற்பதில் தவறில்லை. ஆனால் முதல் முறை இறங்குபவர் ஒரு 90 இலக்க எண்ணைத் தானே எடுத்து, தானே முடித்து, பாக்டர் டி.பி. போன்ற பொது டேட்டாபேஸில் சேர்த்துப் பார்க்கட்டும். அதன் காரணிகளை அடுத்து யார் தேடினாலும் உடனே கிடைக்கும், மறுபடி கணக்குப் போட வேண்டியதில்லை. உங்கள் கம்ப்யூட்டர் எவ்வளவு தாங்கும் என்பதும் அந்த ஒரு வேலையில் தெரிந்துவிடும். அதன் பிறகு அடுத்த 5 இலக்கத்துக்குப் போகலாம்.