குடோன்காரருக்கு லாகின் கிடையாது

"இனிமே நான் பேசமாட்டேன், கம்ப்யூட்டர் பேசும்."

மேற்கு மாவட்டம் ஒன்றில், பேருந்து நிலையத்துக்கு எதிரே மளிகையும் பல்பொருளும் விற்கிற ஒரு கடையின் முதலாளி, புது சாஃப்ட்வேர் போட்ட அன்று வேலையாட்கள் 14 பேரையும் நிற்கவைத்துச் சொன்னது இது. நான்காவது மாதம் கம்ப்யூட்டர் பேசியது. சூரியகாந்தி எண்ணெய், ஒரு லிட்டர் பாக்கெட்: திரையில் இருப்பு 430, குடோனில் எண்ணினால் 147. குறைவு 283. பாக்கெட் 135 ரூபாய் என்று கணக்குப் போட்டு 38,205 ரூபாய் என்றார்கள். யார் எடுத்திருப்பார் என்று தேட யாரும் மெனக்கெடவில்லை. குடோனில் 11 ஆண்டுகளாக மூட்டை இறக்குகிற அருந்ததியர் அண்ணன் ஒருவர் இருக்கிறார். வேறு யாரைத் தேடுவது?

மாதம் 12,000 சம்பளத்தில் 3,000 பிடித்தார்கள். மூன்று மாதம் பிடித்த பிறகுதான் விஷயம் எங்களுக்குத் தெரிந்தது. போலீசுக்குப் போகாமல் விட்டதே பெரிய மனசு என்று கடையில் பேசிக்கொண்டார்களாம். அண்ணனும் கிட்டத்தட்ட அதை நம்பியிருந்தார். "கம்ப்யூட்டர்ல வந்திருக்குதே தம்பி, நாம என்ன சொல்ல முடியும்?" என்று எங்களிடம் கேட்டார். திருடன் என்று முதலாளி வாயால் சொல்லியிருந்தால் அவர் சண்டைக்குப் போயிருப்பார். இயந்திரத்தோடு எப்படிச் சண்டை போடுவது?

தொழிலாளர் துறையில் மனு கொடுத்தோம். முதலாளி தன் பக்கத்து ஆதாரமாக நான்கு மாத இருப்புப் பட்டியலையும் கொள்முதல் பட்டியலையும் அச்செடுத்துக் கொண்டுவந்தார். அந்தக் காகிதங்கள்தான் எங்களைக் காப்பாற்றின. எங்களோடு வந்த தங்கை ஒருத்தி பி.காம். முடித்தவள், டேலி படித்தவள். அரை மணிநேரம் புரட்டிவிட்டு, "எண்ணெய்ல பாக்கெட்டுக்கு 28 ரூபா லாபமா? எந்த ஊர்லங்க?" என்று கேட்டாள்.

நடந்தது இதுதான். சாஃப்ட்வேர் போடும்போது ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு 'மாஸ்டர்' உண்டாக்குவார்கள்: பெயர், விலை, வரி விகிதம், ஒரு பெட்டிக்கு எத்தனை பாக்கெட் என்பதெல்லாம் அதில் இருக்கும். எண்ணெய்க்குப் பெட்டிக்கு 12 என்று பதிந்திருக்கிறார்கள். வந்த பெட்டியில் இருந்தவை 10. பெட்டிக் கணக்கில் கொள்முதல் ஏற்றியதால் பெட்டி விலை 1,280 சரியாகவே ஏறியது. பணக் கணக்கில் ஒரு பைசா பிசகில்லை. எண்ணிக்கைதான் பிசகியது. 140 பெட்டிக்கு 1,400 பாக்கெட் வந்தது, திரையில் 1,680 ஏறியது. இல்லாத 280 பாக்கெட்டை அண்ணன் திருடிவிட்டார். மீதி மூன்று? ஓட்டை விழுந்து ஒழுகிய பாக்கெட்டுகள். அதைக் கழிவு என்று பதிய சாஃப்ட்வேரில் தனி இடம் இருக்கிறது, பதியத்தான் யாருக்கும் சொல்லித்தரவில்லை. 1,280ஐப் பத்தால் வகுத்தால் ஒரு பாக்கெட் 128 ரூபாய், லாபம் 7. பன்னிரண்டால் வகுத்ததால் லாபம் 28 என்று திரை காட்டியது. அந்த லாபத்தைப் பார்த்து முதலாளி சந்தேகப்படவில்லை, சந்தோஷப்பட்டிருக்கிறார்.

காலிப் பெட்டி ஒன்றை அண்ணன் தலைமேல் வைத்துக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். பக்கவாட்டில் பெரிய எழுத்தில் அச்சாகியிருந்தது: 10 × 1 லிட்டர். அந்தப் பெட்டியை 11 ஆண்டுகளாகத் தூக்குகிறவர் அவர். பெட்டிக்கு எத்தனை என்று அவரை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தூக்கத்தில்கூடச் சொல்லியிருப்பார். கேட்கவில்லை. மாஸ்டரைப் பதிந்தது முதலாளியின் மச்சான் மகன், 22 வயது, கல்லூரி விடுமுறையில் வந்தவன். அவன் மீது எங்களுக்குக் கோபமில்லை, 10ஐ 12 என்று யாரும் தட்டிவிடலாம். ஆனால் குறைவு என்று தெரிந்த நாளிலிருந்து மூன்று மாதம், "நீ தப்பாப் போட்டியா?" என்று அவனை ஒருவரும் கேட்கவில்லையே, அதைத்தான் நாங்கள் சாதி என்கிறோம். அவன் தன் அப்பா வயது அண்ணனை 'டேய்' என்று கூப்பிடுவதும் அண்ணன் அவனை 'சின்ன முதலாளி' என்று கூப்பிடுவதும் தனிக்கதை.

இஆர்பி என்கிறார்கள். கொள்முதல், இருப்பு, விற்பனை, கணக்கு, சம்பளம் எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கட்டுகிற மென்பொருள். பெரிய ஆலைகளுக்கு என்று வந்தது, இன்று சின்னக் கடைகளுக்கும் மாதச் சந்தாவில் கிடைக்கிறது. 2017 ஜூலை 1இல் ஜிஎஸ்டி வந்ததும், அதுவரை சிட்டையும் பேரேடும் வைத்து ஓட்டிய கடைகளும் கம்ப்யூட்டருக்கு மாறின. விற்க வருகிறவர்கள் சொல்லும் பெருமைகளில் ஒன்று, ஆளுக்கு ஏற்றபடி உரிமை கொடுக்கலாம், யார் எதைப் பார்க்கலாம், யார் எதைத் திருத்தலாம் என்று வகுத்துவிடலாம் என்பது. அந்தக் கடையில் எப்படி வகுத்தார்கள் தெரியுமா? முதலாளிக்கும் மச்சான் மகனுக்கும் எல்லா உரிமையும். பில் போடுகிற மூன்று பெண்களுக்குச் சேர்த்து ஒரே லாகின், ஒரே பாஸ்வேர்டு. குடோனில் இருக்கிற நான்கு பேருக்கும் கூட்டிப் பெருக்குகிற அக்காவுக்கும் லாகினே கிடையாது. அந்த ஐந்து பேரும் எந்தச் சாதி என்று தோழர்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை.

தொழிலைப் பிரிப்பது வேறு, தொழிலாளர்களையே பிரித்து அடுக்கிவைப்பது வேறு என்று அண்ணல் 1936இல் எழுதியதை எம்.ஏ. வகுப்பில் பாடமாகப் படித்துத் தேர்வு எழுதினோம். அதை ஒரு கம்ப்யூட்டர் திரையின் 'பயனர் உரிமை' பக்கத்தில், கட்டம் கட்டமாக டிக் அடித்துப் பார்ப்போம் என்று அப்போது நினைக்கவில்லை. லாகின் இருப்பவர் தன் பக்கத்து நியாயத்தைப் பதியலாம்: இன்று மூன்று பாக்கெட் ஒழுகியது, இந்தப் பருப்பு மூட்டை 50 கிலோ இல்லை, 49தான் இருந்தது, வெல்லம் காய்ந்து எடை குறைந்தது என்று. லாகின் இல்லாதவர் பெயர் கணக்கில் வருவது ஷார்ட்டேஜ் வரும்போது மட்டும்தான்.

இதைச் சொன்னால் இரண்டு பக்கமிருந்தும் பதில் வருகிறது. சாஃப்ட்வேருக்குச் சாதி தெரியாது, மனிதர்கள் செய்ததற்கு அது என்ன பண்ணும் என்பது ஒன்று. சரி, அரிவாளுக்கும்தான் சாதி தெரியாது. யார் கையில் கொடுத்தீர்கள், யாருக்குக் கொடுக்க மறுத்தீர்கள் என்பதுதானே கேள்வி?

மற்றது நம் தோழர்களிடமிருந்தே வருவது. இதெல்லாம் முதலாளித்துவக் கண்காணிப்பு, கம்ப்யூட்டரே வேண்டாம் என்று போராட வேண்டும் என்கிறார்கள். இதை எங்களால் ஏற்கமுடியாது. பழைய சிட்டையை இவர்கள் பார்த்ததில்லை என்று நினைக்கிறோம். கல்லாப்பெட்டிக்குள் கிடக்கிற நீள நோட்டு, அதில் முதலாளி கையெழுத்தில் நம் ஆட்கள் வாங்கிய முன்பணம், எப்போது கூடியது எப்போது கழிந்தது என்று கேட்க முடியாத கணக்கு. எங்கள் தாத்தாக்கள் அந்த நோட்டுக்கு ரேகை வைத்தவர்கள். மேலே சொன்ன வழக்கு நோட்டுக் காலத்தில் நடந்திருந்தால் அண்ணன் திருடனாகவே இருந்திருப்பார். அவரைக் காப்பாற்றியதும் அதே சாஃப்ட்வேரின் அச்சுக் காகிதம்தான், படிக்கத் தெரிந்த ஒருத்தி நம் பக்கம் உட்கார்ந்திருந்ததால்.

ஆகவே கோரிக்கை கம்ப்யூட்டரை நிறுத்து என்பதாக இருக்க முடியாது. சரக்கு இறக்குகிறவருக்குத் தன் பெயரில் ஒரு லாகின் வேண்டும், எண்ணி வாங்கியதைப் பதிகிற உரிமையோடு. மூன்று பேருக்கு ஒரு பாஸ்வேர்டு என்கிற ஏற்பாடு ஒழியவேண்டும். யாரோ செய்த தவறு யார் தலையில் விழும் என்பது அதில் முன்பே முடிவாகிவிடுகிறது. திருத்தம் செய்தால் தடம் இருக்கவேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகள் சட்டத்தில் பதிவான நிறுவனங்களின் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தமும் தேதியோடு பதிவாகவேண்டும், அந்தப் பதிவை அணைத்துவைக்கக் கூடாது என்பது விதி. வருமானவரிக்காரருக்கும் பங்குதாரருக்கும் பயன்படுகிற இந்தப் பாதுகாப்பு, தனிநபர் நடத்துகிற கடைக்குப் பொருந்தாது. நம் மக்கள் அதிகம் வேலை செய்வது அந்தக் கடைகளில்தான்.

சட்டம் முழுக்கக் கைவிட்டுவிடவும் இல்லை. பொருள் இழப்புக்காகச் சம்பளத்தில் பிடிக்கவேண்டுமானால், அந்தப் பொருள் அவர் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டிருக்கவேண்டும், இழப்பு அவருடைய அலட்சியத்தால் நேர்ந்ததாக இருக்கவேண்டும், முதலில் அவருக்கு விளக்கம் சொல்ல வாய்ப்புத் தரவேண்டும். 1936இன் ஊதியப் பட்டுவாடாச் சட்டமும் அதைத்தான் சொன்னது, 2019இன் ஊதியச் சட்டத் தொகுப்பும் அதைத்தான் சொல்கிறது. வேலையை விட்டு நிறுத்துவேன் என்று மிரட்டினால், தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, பிரிவு 41 இருக்கிறது: ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான சம்பளமோ இல்லாமல் நிறுத்த முடியாது, ஒழுங்கீனம் என்று குற்றம் சாட்டினால் விசாரணை நடத்தி ஆதாரம் பதியவேண்டும். கடை ஊழியர் உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021இல் அதே சட்டத்தில்தான் திருத்தம் வந்தது. எத்தனை கடையில் உட்காரவிடுகிறார்கள் என்று போய்ப் பாருங்கள். சட்டம் வந்துவிட்டது என்பதற்காக நாம் வீட்டுக்குப் போகமுடியாது என்பதற்கு அந்த இருக்கைகளே சாட்சி, வாங்கிப் போட்டு அதன்மேல் அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், நமக்குள் இருப்பதால் கொஞ்சம் சங்கடத்தோடு. ஸ்டாண்ட் அப் இந்தியா கடனிலும், 2023இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்திலும் நம் பிள்ளைகள் கடை போடத் தொடங்கியிருக்கிறார்கள். மகிழ்ச்சி. வங்கிக்குக் காட்டக் கணக்கு வேண்டும், அதற்கு மென்பொருள் உதவும், போடுங்கள். ஆனால் இருக்கிற வசதி எல்லாவற்றையும் முதல் நாளே வாங்காதீர்கள். பில்லும் இருப்பும் போதும். மாஸ்டர் பதிகிற அன்று குடோன் ஆளைப் பக்கத்தில் உட்காரவைத்து, பெட்டியைப் பார்த்துப் பதியுங்கள். மாதம் ஒருமுறை கையால் எண்ணுங்கள். அப்படி ஒரு தம்பியின் கடைக்குப் போயிருந்தோம். சுவரில் அண்ணல் படம், கீழே புதுக் கம்ப்யூட்டர். கூட்டிப் பெருக்குகிறவருக்கு லாகின் உண்டா என்று கேட்டோம். சிரித்தான். அந்தச் சிரிப்பு எங்களுக்குப் பிடிக்கவில்லை, அவனிடமே சொல்லிவிட்டு வந்தோம்.

படிக்கிற தோழர்களிடம் ஒன்று. பி.காம். முடித்து, அம்மாவின் நகையை அடகுவைத்து டேலி படித்து, சான்றிதழோடு கடைக்குப் போனால், "முதல்ல கொஞ்ச நாள் குடோன்ல நில்லு, தொழில் பழகு" என்கிறார்கள். முதலாளியின் சொந்தக்காரப் பையன் எந்தக் குடோனிலும் பழகியதில்லை. அந்தக் கொஞ்ச நாள் எத்தனை ஆண்டு என்று நம் அண்ணனைக் கேளுங்கள். குடோனில் நிற்பது இழிவு என்று நாங்கள் சொல்லவில்லை. நிற்கச் சொன்னால், எனக்கு லாகின் எங்கே என்று சேரும் நாளிலேயே கேளுங்கள் என்கிறோம்.

அண்ணனுக்குப் பிடித்த 9,000 ரூபாய் இரண்டு தவணையில் திரும்பி வந்தது. மன்னிப்பு வரவில்லை. மாஸ்டரில் 12ஐ 10 ஆக்கிவிட்டார்களாம், அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை, பில் போடுகிற பெண் ஒருத்தி ரகசியமாகச் சொன்னாள். அவர் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறார், இன்னும் லாகின் இல்லை. இப்போது ஒரு பாக்கெட் நோட்டு வைத்திருக்கிறார். வருகிற பெட்டியை எண்ணி, தேதி போட்டு எழுதி, லாரி டிரைவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்கிறார். அதே வீதியில் இன்னும் இரண்டு கடைகளிலிருந்து இதே மாதிரிப் பிடித்தத்தோடு ஆட்கள் வந்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அந்தக் காகிதங்களை எடுத்துவைத்து உட்காரப் போகிறோம். கணக்கு படித்தவர்கள் இருவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இன்னும் இரண்டு பேர் வந்தால் மதியத்துக்குள் முடித்துவிடலாம்.