கோடைக்கு வர்ற சொந்தக்காரங்களுக்கு எதைக் காட்டுறது?



மே மாசம் வந்துட்டா எங்க வேதாரண்யம் பக்கம் வீட்டுக்கு வீடு விருந்தாளிங்கதான். சென்னை, திருப்பூர், கோயம்புத்தூர்னு பிழைக்கப் போனவங்க, பிள்ளைங்களுக்கு லீவு விட்டதும் வந்து நாலு நாள் தங்கிட்டுப் போவாங்க. எங்க வீட்டுக்குத் தங்கச்சி குடும்பமும் தம்பி குடும்பமும் வரும். வந்த மறுநாள் காலையிலேயே கேள்வி வந்துடும்: "இங்க சுத்திப் பாக்க என்ன இருக்கு?"

இதுக்கு ஊர்ல எல்லாரும் ஒரே பதில்தான் வச்சிருக்காங்க. காலையில கோயில், மதியம் மீன் சாப்பாடு, சாயந்திரம் கோடியக்கரைக் கடல்ல கால் நனைச்சு நாலு போட்டோ. அதோட முடிஞ்சது. இது போதாதுங்கிறது என் கருத்து. இப்படி மட்டும் காட்டி அனுப்பினா நமக்குத்தான் நஷ்டம்னுகூட சொல்வேன்.

கோடியக்கரைன்னா பூநாரைன்னு போன்ல பாத்துட்டுத்தான் பிள்ளைங்க வருதுங்க. பூநாரை கூட்டமா இருக்கிறது மழைக்காலத்துலயும் பனிக்காலத்துலயும். மே மாசத்துல சதுப்பு காஞ்சு பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்கும். மதிய வெயில்ல மணல்ல கால் வைக்க முடியாது. வெளிமானும் வெயிலுக்கு ஒதுங்கிடும். கடைசியில பிள்ளைங்க சொல்றது, "உங்க ஊர்ல ஒண்ணுமே இல்ல மாமா." பக்கத்துல உக்காந்திருக்கிற பெரியவங்க அதையே வேற மாதிரி சொல்வாங்க: "அப்புறம் எதுக்கு இந்த நிலத்தைக் கட்டிக்கிட்டு அழறீங்க, வித்துடலாமே."

இங்கதான் விஷயம் இருக்கு. எங்க நிலம் இன்னும் அப்பா பேர்லதான். தம்பிக்குப் பங்கு உண்டு, தங்கச்சிக்கும் பங்கு உண்டு. அது சட்டம் குடுத்த உரிமை, அதுல எனக்கு மனக்குறை எதுவும் இல்ல. இந்தப் பக்கம் பாதி வீட்ல இதே கதைதான். உழுறது ஒருத்தர், கையெழுத்து மூணு பேர். நாளைக்கு அந்தக் கையெழுத்து இந்தப் பிள்ளைங்க கைக்குப் போகும். நாலு போட்டோவைத் தவிர எதுவும் தெரியாம அது ஒரு நாள் பத்திரத்துல கையெழுத்துப் போடும்.

அதனால நான் சொல்றது, கடலைக் காட்டுங்க, கூடவே இங்க நடக்கிற வேலையையும் காட்டுங்க.

முதல்ல உப்பளம். பூநாரைக்கு மே மாசம் சரியில்ல, ஆனா உப்புக்கு இதுதான் மாசம். விடியறதுக்கு முன்னாடி அகஸ்தியன்பள்ளி பக்கம் போனா, வெயில் ஏறுறதுக்குள்ள வேலையை முடிக்கணும்னு ஜனங்க உப்பு வாரிக்கிட்டு இருப்பாங்க. உவர் தண்ணியைப் பாத்தி பாத்தியா மாத்தி, வெயில்ல சுண்ட விட்டு எடுக்கிற உப்பு அது. நடுவுல ஒரு கோடை மழை பெஞ்சா அவ்வளவும் கரைஞ்சு, மறுபடி முதல்லேர்ந்து தொடங்கணும். நான் மாமரத்துக்கும் தென்னைக்கும் மழை வேணும்னு கும்பிடுற அதே வாரம், உப்பளத்துக்காரர் வேண்டாம்னு கும்பிடுவார். ரெண்டு பேரும் ஒரே ஊர்ல பிழைக்கணும். இதை ஒரு பிள்ளை கண்ணால பாத்துட்டா, ஊர்ல ஒண்ணுமே இல்லன்னு சொல்லாது.

அங்கேயே உப்பு சத்தியாகிரக நினைவுத் தூண் இருக்கு. 1930 ஏப்ரல் 13-ம் தேதி ராஜாஜி தலைமையில திருச்சியிலிருந்து நடந்தே கிளம்பினவங்க 28-ம் தேதி வேதாரண்யம் வந்து சேந்தாங்க. 30-ம் தேதி உப்பு அள்ளி ராஜாஜி கைதானார். அவங்களுக்கு யாரும் சோறு போடக் கூடாது, இடம் குடுக்கக் கூடாதுன்னு அப்போ தஞ்சாவூர் கலெக்டரா இருந்த தார்ன் உத்தரவு போட்டார். ஜனங்க சோத்துப் பொட்டலத்தை வழியோர மரக்கிளையில கட்டித் தொங்கவிட்டுட்டுப் போயிட்டாங்க. போலீஸ்காரருக்குச் சவரம் பண்ண மாட்டேன்னு பாதியில எழுந்த வைரப்பனுக்கும் வேதாரண்யத்துல நினைவுத் தூண் இருக்கு. பள்ளிக்கூடப் புத்தகத்துல ரெண்டு வரியில முடிஞ்சு போற சங்கதி, அந்த இடத்துல நின்னு சொன்னா மனசுல நிக்கும்.

ரெண்டாவது மீன். "கடற்கரை ஊர்ல மீன் இவ்வளவு விலையா?"ன்னு வர்றவங்க முகம் சுளிப்பாங்க. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் நம்ம கிழக்குக் கடற்கரையில விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. மீன் இனம் பெருகுற காலம்னு வச்ச தடை. ஃபைபர் படகுலயும் நாட்டுப் படகுலயும் கரையோரம் போறவங்க கொண்டு வர்றதுதான் கிடைக்கும். பெரிய வஞ்சிரம் வேணும்னு அடம் பிடிக்காம, கிடைக்கிற மீனை வாங்கிக் குழம்பு வைங்க. ஏன் கிடைக்கலங்கிறதையும் சேத்துச் சொல்லுங்க.

மூணாவது நம்ம தோட்டம். மணல்பாங்கான இந்த நிலத்துல குட்டை வெட்டித்தான் தண்ணி எடுக்கிறோம். நல்ல தண்ணி லேசு, உப்புத் தண்ணி கனம். அதனால நல்லது மேல நிக்கும், உப்பு கீழ நிக்கும். ஆழமா போர் போட்டு அளவுக்கு மீறி உறிஞ்சினா கீழ இருக்கிற உப்பு மேல ஏறிடும். நிலம் கேட்டு வர்றவங்கள்ல இறால் பண்ணை வைக்க நினைக்கிறவங்களும் உண்டு. ஒருத்தர் உப்புத் தண்ணியைத் தேக்கினா, பக்கத்து நிலத்து ஊத்துக்கும் அந்த உப்பு கசியும். பங்கைக் குடுத்துட்டுப் போறவங்களுக்கு அது வெறும் காசு. இருக்கிறவங்களுக்குக் குடிதண்ணி.

2018 நவம்பர் 16 விடியக்காலம் கஜா புயல் அடிச்சப்போ சாஞ்ச தென்னைங்களோட அடிக்கட்டை எங்க தோப்பு ஓரத்துல இன்னும் கிடக்கு. மறுபடி வச்ச கன்னுல சிலது இப்பத்தான் பாளை விடுது. தம்பி மகன் அந்தக் கட்டை மேல ஏறி நின்னு, "இது விழுந்தப்ப நீங்க எங்க பெரியப்பா இருந்தீங்க?"ன்னு கேட்டான். கோயிலுக்கும் கடலுக்கும் போயிருந்தா இந்தக் கேள்வி வந்திருக்காது.

"லீவுக்கு வந்த பிள்ளைங்களை விடியக்காலம் எழுப்பிப் பாடம் நடத்தாதீங்க"ன்னு எங்க வீட்டம்மா சொல்லுது. அதுவும் நியாயம்தான். நாலு நாளும் வேண்டாம், ஒரு காலைப்பொழுது போதும். உப்பளத்துல வேலை செய்யிறவங்க காட்சிப் பொருள் இல்ல. முதல்ல அனுமதி கேளுங்க, பாத்திக்குள்ள இறங்காதீங்க, கேக்காம போட்டோ எடுக்காதீங்க. அதே மாதிரி கோடியக்கரைக் காட்டுல குரங்குக்குத் தீனி போடாதீங்க, கொண்டு போன பாட்டிலைத் திரும்பக் கொண்டு வாங்க. விருந்தாளிக்கு இதைச் சொல்லக் கூச்சப்பட்டா, நாளைக்கு நாமதான் பொறுக்கணும்.

இவ்வளவு காட்டினாலும் தம்பியோ தங்கச்சியோ ஒரு நாள் "வித்துடலாம்"னு சொல்லலாம். சொல்லட்டும். அவங்களுக்கும் பிள்ளைங்க படிப்பு, வீட்டுக் கடன் எல்லாம் இருக்கு. நான் அவங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா எதை விக்கிறோம்னு தெரிஞ்சு விக்கட்டும். அந்தக் குட்டையில தண்ணி எப்படி நிக்குதுன்னு ஒரு தடவையாவது எட்டிப் பாத்துட்டு விக்கட்டும்.

மாங்கா இன்னும் இருக்கு, ஜூன் வரைக்கும் கவலை இல்ல. திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியன்பள்ளிக்கு 2023-லிருந்து ரயிலும் மறுபடி ஓடுது. இன்னும் சொந்தக்காரங்க வராத வீட்டுக்காரங்க, வந்ததும் ஒரு காலையை இதுக்கு ஒதுக்கிப் பாருங்க. பிள்ளைங்க என்ன கேள்வி கேட்டுச்சுன்னு எனக்கும் சொல்லுங்க.